பெட்ரோல் அவுட்ரிகர் படகு: எஞ்சினை ஓட விடுமுன் கட்டும் தளத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: அண்ணே, நான் செந்தூலில் இருக்கிறேன். சில வருடங்களாக ரிமோட்டில் பேட்டரிப் படகு ஓட்டுகிறேன். இப்போது ஒரு அவுட்ரிகர் கிட் வரவழைத்திருக்கிறேன்; ஒடுங்கிய நடு உடலுக்கு இரு பக்கமும் குழாயில் மிதவை நீட்டி நிற்கும் பந்தயப் படகு. லேசரில் வெட்டிய ப்ளைவுட், அலுமினியக் குழாய்கள், கூடவே 26 சிசி பெட்ரோல் எஞ்சின். எஞ்சினை முதலில் ஓட விட்டுப் பார்க்கலாமா, இல்லை உடலை ஒட்டத் தொடங்கலாமா? வீட்டுப் போர்ச்சில்தான் வேலை. கட்டி முடித்ததும் கோலாலம்பூரில் எங்கே ஓட்டுவது?

பதில்: தம்பி, எஞ்சினை அளவு பார்க்க மட்டும் வெளியே எடுங்கள். ஓட விட வேண்டாம். இந்த வகை எஞ்சின் தண்ணீரால் குளிர்வது. மேசையில் வைத்து முடுக்கினால் சில விநாடிகளிலேயே சூடேறிவிடும். அது புது எஞ்சின் வேறு. நிதானமாகப் பழக்க வேண்டிய நேரத்தில் வறட்டு ஓட்டம் கூடாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவுட்ரிகரில் வேகம் எஞ்சினிலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல எஞ்சின் எல்லாரிடமும் இருக்கிறது. வேறுபாடு, படகு எவ்வளவு நேராகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான். முழு வேகத்தில் இந்தப் படகு தண்ணீரில் மிதப்பதில்லை. முன்னால் இரண்டு ஸ்பான்சன்களின், அதாவது பக்க மிதவைகளின், பின் விளிம்பு, பின்னால் பாதி மட்டும் நனையும் ப்ரொப்பெல்லர், இந்த மூன்றும்தான் நீரைத் தொடுகின்றன. மற்றதெல்லாம் காற்றில். மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டக்கூடிய படகு அது. அந்த நிலையில் ஒரு ஸ்பான்சன் அரை டிகிரி கூடுதலாக நிமிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் தூக்கும், படகு தத்தித் தத்தி ஓடும், எதிர்க்காற்று கொஞ்சம் அடித்தால் மல்லாந்து விழும். ரிமோட்டில் எதைத் திருகினாலும் இது சரியாகாது.

ஆகவே முதல் செலவு ஒரு தட்டையான தளம். ஹார்ட்வேர் கடைப் பலகை நம் ஈரக்காற்றில் வளைந்துவிடும். தடித்த கண்ணாடியோ, சமையலறை மேடைக்கு வெட்டி மிஞ்சிய கிரானைட் துண்டோ கிடைத்தால் உத்தமம். அதன்மேல் நடுக்கோடு ஒன்று இழுத்து, நடு உடலை அந்தக் கோட்டில் நிறுத்தி எடை வைத்து ஒட்டுங்கள். பக்கப் பலகைகளை ஒட்டும்போது உடல் முறுக்கிக்கொண்டால் பிறகு மீட்க வழியில்லை. மேல் தட்டை மூடுமுன் ஒவ்வொரு கட்டத்திலும் இரு முனைகளிலும் மட்டம் பாருங்கள்.

குழாய்களையும் ஸ்பான்சன்களையும் பொருத்திய பின் உடலின் பின்முனை நடுப்புள்ளியிலிருந்து இரண்டு ஸ்பான்சன்களின் பின் மூலைகளுக்கும் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து டிஜிட்டல் கோணமானியை உடலின் அடியில் வைத்துப் பூஜ்யமாக்கி, ஸ்பான்சனின் அடிப்பட்டையில் வையுங்கள். பெரும்பாலான கிட்களில் 3 முதல் 4 டிகிரிக்குள் வரும். உங்கள் பிளான் சொல்லும் எண்ணே வேதவாக்கு. ஆனால் இடமும் வலமும் 0.1 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனாலும் போகட்டும்.

அளவு சரியாக இருந்தாலும் இரு பக்கமும் அச்சாக ஒன்றாக இருக்காது. ரிமோட் படகுப் பந்தயம் கடிகாரச் சுற்றில், வலப்பக்கத் திருப்பமாக ஓடுவது. அதனால் டர்ன் ஃபின் என்ற தகடு வலது ஸ்பான்சனில் மட்டும்தான் வரும். திருப்பத்தில் படகு வழுக்கிப் போகாமல் நீரைப் பிடித்துக்கொள்வது அதுதான். அதன் திருகுகள் உட்காரும் இடத்தில் உள்ளே கட்டை வைத்துப் பலப்படுத்தியிருக்கிறதா என்று மூடுமுன் பாருங்கள்.

இனி எபோக்சி. கலந்த பசை இறுகுமுன் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் 30 நிமிடம் என்று குப்பியில் அச்சிட்டிருப்பது குளிர்நாட்டு அறைக்கு. மதியம் 33 டிகிரி போர்ச்சில் அதில் பாதி நேரம் கிடைத்தால் அதிகம். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். குவளையில் குவித்து வைக்காமல் அகலமான தட்டில் பரப்பி வைத்தால் சூடு குறையும், நேரம் நீளும். காலையில் ஒட்டுங்கள். சாயங்கால மழைக்குப் பின் வேண்டாம். ஈரக்காற்றில் காயும் எபோக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்புப் படலம் படியும். அதை அப்படியே தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும். அதன்மேல் அடிக்கிற அடுத்த பூச்சும் உரிந்து வரும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவி, காயவைத்து, பிறகு தேய்க்க வேண்டும். வாரக்கணக்கில் வேலை நடக்குமானால் ப்ளைவுட் துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் படுக்கவைத்து வையுங்கள்.

எஞ்சின் அறை, டேங்க் அறை, துளைகளின் உள்விளிம்பு எல்லாவற்றுக்கும் நீர்த்த எபோக்சி இரண்டு பூச்சு. எண்ணெய் ஊறிய மரத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. வெளியே சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் பெட்ரோல் பட்ட இடம் கரைந்து வரும். காருக்கு அடிக்கும், இறுக்கி கலந்து பூசும் 2கே பெயிண்டே தாங்கும். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் இல்லையென்றால் கார் பெயிண்ட் கடையிலேயே அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரிப் படகிலிருந்து வருபவர்கள் சறுக்கும் ஓர் இடம் சிலிகான் குழாய். தண்ணீர் ஓட அது நல்லது. பெட்ரோல் ஓடினால் ஊதிப்போய்க் கழன்றுவிடும். எரிபொருளுக்கு டைகான் போன்ற பெட்ரோல் தாங்கும் குழாய் போடுங்கள். டேங்க் மூடியின் ரப்பரும் பெட்ரோலுக்கானதாக இருக்க வேண்டும்.

எஞ்சினைப் பூட்டும்போது ஃப்ளெக்ஸ் கேபிளின், அதாவது ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் வளையும் கம்பியின், வழியைப் பாருங்கள். எஞ்சினிலிருந்து, பின்னால் ப்ரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட் வரை ஒரே மெதுவான வளைவாக, கையால் சுற்றினால் எங்கும் இடறாமல் போக வேண்டும். கேபிள் சுமையில் முறுகிக் குறுகும். எனவே ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் டாக் என்ற துண்டுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. விடுங்கள். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பின்னும் கேபிளை உருவித் துடைத்து மரைன் கிரீஸ் தடவ வேண்டும். ப்ரொப்பெல்லரின் விளிம்பு சவரக்கத்திக்குக் குறைந்ததல்ல. எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாகப் பிள்ளைகள்.

எரிபொருள் 25க்கு 1: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. நல்ல 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய். முதல் சில டேங்குகள் கார்புரேட்டரைச் சற்று ஈரமாகவே, அதாவது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும்படி வைத்து, முழு வேகத்தை நீட்டாமல் ஓட்டுங்கள். பிளக் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் கலவை வறண்டிருக்கிறது, உடனே ஊசியைத் திறந்து விடுங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக்கே போடுங்கள், இல்லையென்றால் ரிசீவரைக் குழப்பும்.

முதல் ஓட்டத்துக்கு முன் இரண்டு சோதனை. டேங்க் காலியாக இருக்கும்போது படகின் சமநிலைப் புள்ளி பிளான் சொல்லும் இடத்தில் இருக்கிறதா? பொதுவாக ஸ்பான்சனின் பின் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் வரும். அடுத்து, ரிமோட்டை அணைத்தால் எஞ்சின் நிற்கிறதா? மூன்றாவது சேனலில் இக்னிஷனை அறுக்கும் சுவிட்ச் கட்டாயம். சிக்னல் போனாலும் அது தானாக அறுக்க வேண்டும். உடலுக்குள் காலி இடமெல்லாம் ஃபோம் அடைத்துவிடுங்கள். கவிழ்ந்தாலும் படகு மேலே கிடக்கும்.

ஓட்டும் இடம்தான் உண்மையில் கடினமான கேள்வி. தித்திவங்சா, கெப்போங் மெட்ரோபாலிட்டன் மாதிரி பூங்கா ஏரிகள் மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பவை. அனுமதி இல்லாமல் அங்கே பெட்ரோல் படகு இறக்கக் கூடாது. நடப்பவர்களும் பிள்ளைகளும் கரையோரம் இருக்கும் இடத்தில் இந்த வேகமும் சத்தமும் சரியும் அல்ல. குடிநீர் அணைகளை நினைக்கவே வேண்டாம். மிஞ்சுவது நகரத்தைச் சுற்றியுள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள். நிலத்துக்காரரிடம் கேட்டு, வீடுகளுக்குத் தள்ளி இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள். காற்று எழும்புமுன், காலை ஏழு எட்டு மணிக்கு நீர் கண்ணாடியாக இருக்கும். அவுட்ரிகருக்கு அதுவே வேண்டும்.

படகு நடுவில் நின்றுவிட்டால் நீந்திப் போகாதீர்கள். அந்தக் குட்டைகளின் கரை சட்டென்று ஆழத்தில் இறங்கும், ஆட்கள் மூழ்கிய இடங்கள் அவை. உயிர்காப்புச் சட்டையோடு ஒரு சிறிய கயாக்கையும், கரையில் துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். படகு இறங்குமுன் கயாக் தயாராக நிற்கட்டும்.