சப்ளிமெண்ட் வாங்கும் முன்: இனிப்பு நீர் கேள்வி பதில்

பினாங்கில் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களின் உடம்பில் நடக்கும் அழற்சி, ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். உங்கள் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன்.

கேள்வி (ஜெலுத்தோங்): அக்கா, உடம்புக்குள் அழற்சி இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லையே?

பதில்: இது வெளியே தெரியாத ரகம், தம்பி. தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதற்குள் புகுந்து டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 போன்ற அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போவதற்கு இவையும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்களுக்கு அதைத் தடுக்கும் வழி கிடையாது. உள்ளே போன சர்க்கரையை மைட்டோகாண்ட்ரியா (அணுவுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதி) எரிக்கும்போது, அணுவைத் தாக்கிக் கெடுக்கும் சூப்பர் ஆக்சைடு மிதமிஞ்சிச் சேர்கிறது. அதுதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். கண், சிறுநீரகம், நரம்பு எல்லாம் கெடுவதற்கு இதுவே பொது வேர் என்று நீரிழிவு ஆராய்ச்சியாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் எழுதினார். அழற்சி இதை வளர்க்கும், இது அழற்சியை வளர்க்கும். ஒரு அளவுநாடா எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

கேள்வி (பட்டர்வொர்த்): சிஆர்பி டெஸ்ட்டில் 4.2 வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. இதய ஆபத்தைப் பார்க்கும் எச்எஸ்-சிஆர்பி என்றால், லிட்டருக்கு 1 மி.கி.-க்குக் கீழே நல்லது, 3-க்கு மேலே அதிகம். ஆனால் சளி பிடித்திருந்தாலும் அது ஏறும். உடம்பு நன்றாக இருக்கும்போது, சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். கையில் காசு குறைவு என்றால் முதலில் எச்பிஏ1சி-யை (இரண்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) பாருங்கள்.

கேள்வி (கிள்ளான்): ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்தான் பிரச்சினை என்றால் வைட்டமின் சி, ஈ போட்டால் முடிந்ததே?

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆய்வில் எடுபடவில்லை. 2000-இல் வெளிவந்த ஹோப் ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோர், அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இனிப்பு நீர் உள்ளவர்கள். தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. 2009-இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வு எனக்கு இன்னும் சுவாரசியம்: உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு சி, ஈ இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் அந்தப் பலனே காணாமல் போனது. உடம்பு கொஞ்சம் ஸ்ட்ரெஸ் பட்டுத்தான் கற்றுக்கொள்கிறது போலும்! அப்புறம், அதிக அளவு வைட்டமின் சி எடுத்தால் சில மீட்டர்களும் சென்சார்களும் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினை ஏற்றினால் ஆபத்து. கொய்யா, கீரை, பயறு சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): மஞ்சள் காப்ஸ்யூல்?

பதில்: குழம்பில் போடும் மஞ்சள் தாராளமாக. மிளகுச் சத்து சேர்த்த காப்ஸ்யூல் வேறு விஷயம். அது மற்ற மருந்துகளின் அளவை மாற்றலாம், சிலருக்கு ஈரலையும் பாதித்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தொடவே வேண்டாம்.

கேள்வி (செந்தூல்): அழற்சிக்குத்தானே வலி மாத்திரை? தினமும் ஒன்று போடலாமா, அக்கா?

பதில்: வேண்டாம், அண்ணே. பொன்ஸ்தான், டைக்ளோஃபெனாக் ரகமெல்லாம் சிறுநீரகத்தில் கை வைக்கும், இரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

கேள்வி (பிறை): மூட்டு வலிக்கு ஜாமு (மூலிகை மருந்து) சாப்பிட்ட அம்மாவுக்கு வலி பறந்துவிட்டது. ஆனால் சர்க்கரை 16-க்கு (mmol/L) ஏறிவிட்டது. ஏன்?

பதில்: அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றுதான் என் முதல் சந்தேகம். பதிவில்லாத மருந்துகளில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்து பிடிபடுவது நம் நாட்டில் புதிதல்ல. டப்பாவில் 'எம்ஏஎல்' (MAL) என்ற பதிவு எண் இருக்கிறதா பாருங்கள்; பாரம்பரிய மருந்து என்றால் அது 'டி' (T) எழுத்தில் முடியும். எண்ணை மலேசியாவில் மருந்துகளைப் பதிவு செய்யும் என்பிஆர்ஏ (NPRA) அமைப்பின் இணையத்தளத்தில் தட்டிச் சரிபார்க்கலாம், போலி எண் அச்சடிப்பவர்களும் உண்டு. பல நாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், ஸ்டீராய்டை அப்படி நிறுத்துவதும் ஆபத்து. டப்பாவோடு இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): செலவில்லாமல் என்னதான் செய்வது?

பதில்: இரவுச் சாப்பாடு முடிந்ததும் கொஞ்ச நேரம் நடங்கள். சிகரெட்டை விடுங்கள். தே தாரேக்கை (இனிப்புப் பால் தேநீர்) கோசோங்காக, அதாவது சர்க்கரை இல்லாததாக, மாற்றுங்கள். யாரும் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: ஈறு. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதென்றால் அதுவும் அழற்சிதான். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்கியிருக்கிறது. அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் மிகக் குறைவு. அடுத்த முறை போகும்போது இனிப்பு நீர் இருப்பதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.