தங்கச்சி பேருக்கு வந்த பேப்பர்

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு, தங்கச்சிமடம். குட்டியானைல மீன் லோடு அடிக்கிறேன். மூணு மாசம் முன்னாடி உச்சிப்புளி கிட்ட வண்டிய மறிச்சு, ஐஸ் பெட்டிக்கு அடியில இருந்து 3 கிலோ கஞ்சா எடுத்தாங்க. தெரிஞ்ச பையன் குடுத்த பார்சல், என்னன்னு கேக்கல. இப்ப ஜாமீன்ல இருக்கேன். மாஜிஸ்திரேட் இல்லாம செக் பண்ணதால கேஸ் நிக்காதாமே? என் சிபில் சரியில்லாததால வண்டி தங்கச்சி பேர்ல இருக்கு. ஸ்டேஷன்ல இருந்து அவ பேருக்கு ஒரு பேப்பர் வந்துச்சு, பயந்துருவான்னு மடிச்சு வெச்சிருக்கேன். பாவம், மண்டபத்துல நண்டு கம்பெனிக்குப் போறா.

பதில்: அதுக்காகவெல்லாம் கேஸ் விழுந்துராது தம்பி. மாஜிஸ்திரேட் முன்னாடி சோதனை போடுங்கன்னு கேக்கிற அந்த 50வது பிரிவு, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல (NDPS) இருக்கிறது, உன் உடம்ப சோதிக்கிறதுக்குத்தான், வண்டிக்கும் பெட்டிக்கும் கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2005லயே சொல்லிருச்சு. 3 கிலோன்னா 10 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். தெரியாதுன்னு நிரூபிக்கிற பொறுப்பும் இந்தச் சட்டத்துல உன் தலையிலதான். நல்ல பார்சல எவனாவது ஐஸ் தண்ணி சொட்டுற இடத்துல வைப்பானா? நான் நம்பல. மிச்சத்த உன் வக்கீல்கிட்ட பேசு.

எனக்கு அந்த மடிச்சு வெச்ச பேப்பரப் பத்திப் பேசணும். அவ பேருக்கு வந்தத நீ யாருடா பிரிச்சுப் பாக்க? அவ பயந்துருவான்னு ஒண்ணும் இல்ல, அவ கேக்கப் போற கேள்விக்கு நீதான் பயப்படுற. நண்டு ஓடு கீறி கீறி வெரல் நுனியெல்லாம் வெடிச்சுப் போய், ராத்திரி சோத்துல கை வெச்சா எரியுதுன்னு ஸ்பூன்ல சாப்பிடுற பொண்ணுங்கள நான் பாத்திருக்கேன், அந்தச் சம்பளத்துலதான வண்டி டியூ ஓடுது, வண்டி ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல கெடந்தாலும் டியூ நிக்காதுல்ல?

கஞ்சா ஏத்தத்தான்னு தெரிஞ்சே அவ வண்டிய குடுத்தான்னு வந்தா, அதே சட்டத்தோட 25வது பிரிவுல அவளும் குற்றவாளி. வண்டி பறிபோகாம இருக்கணும்னா தனக்கும் தெரியாது, வண்டிய ஓட்டினவனுக்கும் தெரியாது, ரெண்டு பேரும் ஜாக்கிரதையாத்தான் இருந்தோம்னு ஓனர்தான் கோர்ட்ல காட்டணும், அதாவது அவ. கேஸ் முடியிறதுக்கு முன்னாடியே இடைக்காலமா வண்டிய ஓனர்கிட்ட விடலாம்னு 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அந்த மனுவயும் அவதான் போடணும். பேப்பர நீ பூட்டி வெச்சா அவ எப்படி போடுவா?

இன்னொண்ணு, உன் வக்கீலயே அவளுக்கும் வெச்சிராத. அவ உண்மையச் சொன்னா உனக்கு அடி விழலாம், விழட்டும், அண்ணன்னு பொறந்ததுக்கு அதத் தாங்கு. உன்னக் காப்பாத்த அவ ஒரு பொய் சொல்லணும்னு வீட்டுல யாராவது, முக்கியமா அம்மா, ஆரம்பிச்சா நீயே வாய அடைக்கணும். ராமநாதபுரத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 15100க்கு போன் அடிச்சாலும் வழி சொல்லுவாங்க. ஒரு நாள் லீவு போடச் சொல்லு, அந்த நாள் கூலிய நீ குடு.

இன்னைக்கு சாயங்காலம் அவ வேலை முடிஞ்சு வந்து கை கழுவினதும் அந்தப் பேப்பர குடு. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயே நில்லு, வெளிய போயிராத.