முதல் நிலைக் கதாபாத்திரம் எத்தனை அடி தாங்க வேண்டும்?

கேள்வி: நண்பர்கள் நால்வருக்கு, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, டன்ஜன் மாஸ்டராக (கதையையும் எதிரிகளையும் நடத்துபவராக) இருந்து நடத்துகிறேன். முதல் அமர்விலேயே வழியில் பதுங்கியிருந்த நான்கு காப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) தாக்கின. ஒரு தோழி நாள்கணக்கில் யோசித்து உருவாக்கிய விஸார்டு (மந்திரவாதி) அடிபட்டு விழுந்தாள். விழுந்த இடத்திலேயே மேலும் இரண்டு வெட்டு விழ, இறந்துபோனாள். இனி விளையாட வரமாட்டேன் என்கிறார் தோழி. பழைய பதிப்புகளில் இதுதான் வழக்கம், சாவு பயம் இல்லாவிட்டால் விறுவிறுப்பே இல்லை என்கிறார் இன்னொரு நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் தோழியின் வருத்தம் முற்றிலும் நியாயமானது. நண்பர் சொல்லும் வழக்கமும் உண்மையில் இருந்ததுதான். ஆனால் அதில் பாதியை மட்டுமே அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

1981-இல் வெளிவந்த, இதே விளையாட்டின் பேசிக் விதிகளை எடுத்துக்கொள்வோம். முதல் நிலை மந்திரவாதிக்கு ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் உயிர்ப் புள்ளி) நான்கு முகப் பகடையால் தீர்மானிக்கப்பட்டது. எதிரியின் வெட்டு பெரும்பாலும் ஆறு முகப் பகடை அளவுக்கு இருந்தது. பூஜ்யத்தைத் தொட்டால் சாவு. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர்மேல் படும் ஒரே ஒரு அடி அவரைக் கொல்வதற்கான வாய்ப்பு நான்கில் மூன்று. கையில் இருப்பதோ நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். இவ்வளவு நொய்ந்த உயிரை வைத்துக்கொண்டு மக்கள் ஆர்வத்தோடு விளையாடினார்கள் என்றால், அதற்கு அந்த விதிகளில் வேறு ஏற்பாடுகள் இருந்தன. எதிர்ப்படும் உயிரினம் உடனே பாய்கிறதா, பேச்சுக்கு இணங்குகிறதா என்பதை இரண்டு பகடைகள் முடிவு செய்தன. சண்டை நடுவே எதிரிகள் மனமுடைந்து ஓடுவதற்கும் விதி இருந்தது. கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ள முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தங்க நாணயத்துக்கு ஓர் அனுபவப் புள்ளி என்ற கணக்கில் பெரும்பாலும் புதையல்தான் கதாபாத்திரத்தை வளர்த்ததே தவிர, கொன்று குவித்தது அல்ல. ஆகவே சண்டையைத் தவிர்ப்பவரே கெட்டிக்கார ஆட்டக்காரர். அப்படியும் இறந்தால், பகடைகளை உருட்டி, மந்திரவாதி போன்ற ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்து, ஆயுதம் வாங்கிச் சில நிமிடங்களில் புதியவரோடு திரும்பிவிடலாம்.

நீங்கள் நடத்தும் விதிகளோ பின்னணி, குணம், இலட்சியம், பிணைப்பு, குறை என எல்லாவற்றையும் முதல் நாளே எழுதச் சொல்கின்றன. அனுபவப் புள்ளிகளை முக்கியமாக எதிரிகளை வீழ்த்துவதற்கே வழங்குகின்றன. ஓர் ஆளை உருவாக்க எவ்வளவு உழைப்பைக் கேட்கிறோமோ, எந்த அளவுக்குச் சண்டைக்குள் தள்ளுகிறோமோ, அந்த அளவுக்கு அந்த ஆளுக்குத் தாங்கும் சக்தியும் தரப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பழைய ஆட்டத்தின் சாவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தவிர்க்க உதவிய வழிகளை விட்டுவிடுவது ஆட்டக்காரருக்கு இழைக்கும் அநீதி.

அதற்காக எதிர்முனைக்குப் போகவும் நான் சொல்லமாட்டேன். 2008-இல் வந்த நான்காம் பதிப்பில், கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 16 உள்ள ஃபைட்டர் (போர்வீரர்) 31 ஹிட் பாயிண்டுடன் தொடங்கினார். சண்டைகள் நீண்டுகொண்டே போயின. சாதாரண அடி எதுவும் யாரையும் அஞ்சவைக்கவில்லை. நான் பின்பற்றும் அளவுகோல் இதுதான்: ஆபத்தை உணர்ந்த பிறகு, ஓடுவதா, சரணடைவதா, தோழரைக் காப்பாற்றுவதா என்று முடிவெடுக்க ஆட்டக்காரருக்கு ஒரு முறையாவது வாய்ப்புக் கிடைக்க வேண்டும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர் இறக்கலாம். அதற்கு முன்பே, பகடையின் ஒரே வீச்சில் இறக்கக் கூடாது.

உங்கள் அமர்வை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். கான்ஸ்டிடியூஷன் 14 உள்ள விஸார்டுக்கு 8 ஹிட் பாயிண்ட். காப்ளினின் வெட்டு 3 முதல் 8 வரை, சராசரியாக 5-க்குச் சற்று மேல். இரண்டு அடி பட்டால் பெரும்பாலும் விழுந்துவிடுவாள். நான்கு காப்ளின்கள் ஒரே சுற்றில் பாய்ந்தால் அவளுக்கு யோசிக்கவே நேரமில்லை. அந்தப் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேட்டுக் கணக்குப்படியே, முதல் நிலையில் உள்ள நால்வருக்கு நான்கு காப்ளின்கள் என்பது மிகக் கொடிய வகைச் சண்டை. இரண்டு என்றால் எளிய வகை. முதல் அமர்வுக்கு இரண்டு போதும். மூன்றாவது காப்ளின், கூச்சலைக் கேட்டுப் பின்னால் ஓடிவரட்டும்.

விழுந்தவளை வெட்டியதுதான் எனக்கு இதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. நினைவிழந்தவர்மேல் ஐந்து அடி தூரத்துக்குள்ளிருந்து படும் வெட்டு தானாகவே கிரிட்டிக்கல் (கடும் அடி) ஆகி, அவர் பிழைப்பாரா என்று பார்க்கும் பகடைக் கணக்கில் இரண்டு தோல்விகளாகச் சேர்க்கப்படுகிறது. மூன்று தோல்வி சேர்ந்தால் முடிந்தது. ஆக, மருந்தோடு ஓடிவரத் தோழர்களுக்கும் நேரமில்லாமல் போனது. இந்த வெட்டு பகடையின் முடிவல்ல, எதிரியின் கையை நகர்த்தும் உங்களுடைய முடிவு. பேராசை பிடித்த காப்ளின், விழுந்தவளை விட்டுவிட்டு நிற்பவர்மேல் பாயும், அல்லது பணயமாக இழுத்துப்போகும். இரக்கமற்ற எதிரி தேவைப்படும் இடத்தில் அதைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் அப்படிப்பட்டது வருகிறது என்பதை முன்கூட்டியே உணர்த்திவிடுங்கள்.

விதியிலும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். இரண்டாம் நிலையில் கிடைக்க வேண்டிய ஹிட் பாயிண்டை முதல் நிலையிலேயே கொடுத்துவிட்டு, இரண்டாம் நிலைக்கு உயரும்போது எதுவும் சேர்க்காதீர்கள். விஸார்டுக்கு 14, அதே கான்ஸ்டிடியூஷன் உள்ள ஃபைட்டருக்கு 20 ஆகும். அதற்குப் பிந்தைய நிலைகளின் சமநிலை குலையாது. மூன்றாம் நிலையில் தொடங்குவதும் ஒரு வழிதான் என்றாலும், புதியவர்களுக்கு ஒரே நாளில் அத்தனை திறன்களையும் கற்றுக்கொடுப்பது சுமை என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

சாவின் விறுவிறுப்பை விரும்பும் நண்பருக்காக ஒரு மாலையைத் தனியே ஒதுக்குங்கள். 2012-இல் வந்த டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் வகை ஆட்டத்தில், ஆளுக்குச் சில சாதாரணக் கிராமத்தார் கிடைப்பார்கள். பலர் இறந்து, பிழைத்தவரே முதல் நிலை வீரர் ஆவார். அங்கே சாவு எல்லோரும் அறிந்து ஏற்ற ஒப்பந்தம்.

தோழியிடம் நீங்களே நேரில் பேசுங்கள். விழுந்தவளைக் காப்ளின்கள் உயிரோடு குகைக்கு இழுத்துச் சென்றதாகக் கதையைத் திருத்திக்கொள்ள மற்ற மூவரும் சம்மதித்தால், அவரிடம் அதைச் சொல்லி, அதே விஸார்டோடு வர விருப்பமா, புதிய கதாபாத்திரம் வேண்டுமா என்று கேளுங்கள். முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.