மதுரையிலிருந்து தஞ்சைப் பெரிய கோயில்: ஒரு பகல், ஒரு வேன், உங்கள் கேள்விகள்

எங்கள் தெருவிலிருந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் பதினோரு தடவை போய் வந்திருக்கிறேன். மதுரை வில்லாபுரத்தில் ஏறி, அன்று ராத்திரியே வில்லாபுரத்தில் இறங்கிவிடுவோம். தங்கல் கிடையாது, செலவும் கையைக் கடிக்காது. அதைக் கேள்விப்பட்டுப் பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நாங்கள் மகளிர் குழு, 18 பேர். காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? ஏழு மணி போதுமா? (திருமங்கலம்)

போதாதும்மா. நான் முதல் தடவை செய்த தப்பே அதுதான். ஏழு மணிக்குக் கிளம்பி, வழியில் இரண்டு இடத்தில் டீ, ஒரு இடத்தில் டிபன் என்று நிறுத்தி நிறுத்திப் போனோம். கோயில் வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டே கால். மதியம் சன்னதி சாத்தினால் திரும்பத் திறக்க நாலு மணி ஆகும். சித்திரை வெயிலில் கல் தரை கொதிக்கிறது. எங்கள் அத்தை இரண்டடி வைத்துவிட்டு, "என்னால முடியலடி" என்று நிழலுக்கு ஓடிவிட்டார். நாலு மணி வரை உட்கார்ந்திருந்து, அப்புறம் முக்கால் மணி நேரம் அவசர அவசரமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அதனால் நாலரை மணிக்கு வேன் நகர வேண்டும். நாலரைக்கு நகர வேண்டுமென்றால் ஆட்களிடம் நாலு மணி என்று சொல்லுங்கள். எட்டு, எட்டேகாலுக்குக் கோயிலில் இருப்பீர்கள். பதினொன்று வரை நிதானமாகப் பார்க்கலாம். இந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இத்தனை தூரம் போகிறோம். இது குறைகிற மாதிரி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

திருச்சி வழியா, புதுக்கோட்டை வழியா? (ஒத்தக்கடை)

புதுக்கோட்டை வழி. மேலூர், திருப்பத்தூர், திருமயம், புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை, தஞ்சாவூர். ஏறத்தாழ 160 கிலோமீட்டர். திருச்சி சுற்றிப் போனால் 190 வரும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை கொடுக்கிறவர்களுக்கு போக வர 60 கிலோமீட்டர் மிச்சம்.

எனக்கு இந்த வழி பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. தஞ்சாவூரைச் சுற்றி அந்தக் கோயிலுக்கு வேண்டிய கருங்கல் கிடையாது. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி, புதுக்கோட்டைச் சீமையில் நார்த்தாமலைப் பக்கமிருந்துதான் கல் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. திருமயம் தாண்டும்போது இரண்டு பக்கமும் மொட்டைப் பாறையாகத் தெரியும். தஞ்சாவூர் நெருங்க நெருங்கப் பாறையே கண்ணில் படாது. வேனில் தூங்குகிறவர்களை எழுப்பி இதைக் காட்டுங்கள். கோயிலைப் பார்க்கும்போது அந்தக் கல்லின் தூரம் தெரியும்.

ஒரு வேன்காரர் எல்லாம் சேர்த்து 13,000 என்கிறார். இன்னொருவர் கிலோமீட்டருக்கு 24 ரூபாய், டிரைவர் பேட்டா 800 என்கிறார். எது லாபம்? (திருமங்கலம், அதே சகோதரி)

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். மதுரையிலிருந்து போக வர 320, ஊருக்குள் 20, ஆக 340 கிலோமீட்டர். 24 ரூபாய் வீதம் 8,160. பேட்டா 800. சுங்கச்சாவடி, பார்க்கிங் என்று ஒரு 540 எடுத்து வையுங்கள். 9,500 ஆகிறது. 18 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய 530 ரூபாய். இரண்டாவது ஆள்தான்.

ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். கிலோமீட்டர் எங்கிருந்து ஓடும், உங்கள் தெருவிலிருந்தா, அவர் ஷெட்டிலிருந்தா? ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறாரா? ராத்திரி இத்தனை மணி தாண்டினால் பேட்டா கூடுமா? கிளம்பும்போது மீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்குத் தெரியும்படியே எடுங்கள், அவரும் தப்பாக நினைக்க மாட்டார். டிரைவருக்குச் சாப்பாடு நம்மோடுதான், அதையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அவர் முதல் நாள் ராத்திரி வேறு சவாரி போய்விட்டு அப்படியே வருகிறாரா என்று கட்டாயம் விசாரியுங்கள். தூங்காத டிரைவரோடு விடிகாலையில் கிளம்பக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

நாங்கள் ஐந்து பேர்தான், காலேஜ் பசங்க. வேன் கட்டுப்படியாகாது. (தல்லாகுளம்)

பஸ்ஸில் போங்கள் தம்பி. மாட்டுத்தாவணியிலிருந்து தஞ்சாவூருக்கு நேர் பஸ் இருக்கிறது. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் பழைய பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். உங்களில் பெண்பிள்ளைகள் இருந்தால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் கிடையாது. ரயில்தான் வேண்டும் என்றால் காலை வைகை எக்ஸ்பிரஸில் திருச்சி போய், அங்கே வண்டி மாறுங்கள். ஆனால் கோயிலில் காலை நேரம் கொஞ்சம் போய்விடும்.

கோயிலுக்கு டிக்கெட் எவ்வளவு? (பலர்)

கிடையாது. தொல்லியல் துறை பராமரிக்கிற இடம், 1987 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். ஆனாலும் அன்றாடம் பூஜை நடக்கிற கோயில். உள்ளே போகக் காசு வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஹோட்டலா, கட்டுச்சோறா? கட்டிக்கொண்டு போனால் கெட்டுப்போகிறதே. (செல்லூர்)

கட்டுச்சோறுதான். ஒரு தடவை விலை கேட்காமல் ஒரு ஹோட்டலில் 22 பேர் உட்கார்ந்துவிட்டோம். பில் வந்தபோது வேன் வாடகையில் பாதி இருந்தது. அதிலிருந்து நான் ஹோட்டல் பக்கம் போவதில்லை.

காலைக்கு இட்லி. ஆறிய இட்லியில் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவி, வாட்டிய வாழையிலையில் நாலு நாலாகக் கட்டிவிடுங்கள். சட்னி வேண்டாம், அதுதான் முதலில் கெடும். மதியத்துக்குப் புளிச்சோறு. முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் காய்ச்சி வைத்து, விடிகாலையில் சோற்றை வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டுக் கிளறுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வேர்த்துப் போகும், நீங்கள் சொல்கிற கெட்டுப்போதல் பெரும்பாலும் அதனால்தான். தயிர்ச்சோற்றுக்குத் தயிரைக் கொட்டாதீர்கள். குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். மதியம் திறக்கும்போது பதமாக உறைந்திருக்கும், புளிக்காது. தொட்டுக்கொள்ள உப்பு மாங்காயும் வறுத்த மோர் மிளகாயும்.

ஒன்று சொல்ல வேண்டும். கோயில் புல்வெளியில் சோற்று மூட்டையைப் பிரிக்காதீர்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டு பறந்துபோய்க் கல்வெட்டில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. வெளியே வந்து, வேனை மரநிழலில் நிறுத்திச் சாப்பிடுங்கள். இலையையும் குப்பையையும் சாக்கில் போட்டு மதுரைக்கே கொண்டு வந்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் ஆதனக்கோட்டையில் சாலையோரமே முந்திரி வறுத்து விற்பார்கள். புகை வாசம் முன்னாலேயே வந்துவிடும். அங்கே வாங்கினால் வறுத்து ஓடு உடைத்த பெண்களின் கைக்கே காசு போகும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா? (மேலூர்)

தாராளமாக. மலைக்கோயில் இல்லையே. வாசல்களைத் தாண்டினால் பெரிய முற்றம், சமதளம். சன்னதிக்குப் படி ஏற வேண்டும், அதற்கு மட்டும் கை பிடித்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும் என்பதால் பழைய காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பத்து மணிக்கு மேல், தென்னைநார் விரிப்பு போட்டிருக்கிற பாதையை விட்டு இறங்க வேண்டாம். உள்ளே போகுமுன் எல்லோரும் வெளியிலேயே கழிப்பறை போய்விட்டு வந்துவிடுவது நல்லது. இது முக்கியமாகப் பெண்களுக்கு. ஊரில் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் இருந்து, வெயிலில் மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். திருமயத்திலும் புதுக்கோட்டையிலும் வண்டியை நிறுத்துவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயமில்லாமல் குடிப்பார்கள்.

மீனாட்சி கோயிலை விட அங்கே என்ன பெரிதாக இருக்கிறது? எங்கள் வீட்டுக்காரர் கேட்கிறார். (சிம்மக்கல்)

அவரைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். நம் ஊரில் நாலு சித்திரை வீதியிலிருந்து பார்த்தாலும் கோபுரங்கள்தான் வானத்தில் நிற்கும். அம்மன் இருக்கிற இடத்து விமானம் உள்ளே அடக்கமாக இருக்கும். தஞ்சாவூரில் தலைகீழ். கோபுரங்கள் குட்டை. சாமிக்கு நேர் மேலே விமானம் 216 அடி எழும்பி நிற்கிறது, பதின்மூன்று நிலை. முதலாம் ராஜராஜன் கட்டி, 1010-ல் கலசம் வைத்தது. இரண்டும் இரண்டு மாதிரியான அழகு, இரண்டையும் பார்த்தவருக்குத்தான் இரண்டும் புரியும்.

மதுரைக்காரர்களுக்கென்றே இன்னொன்று. அங்குள்ள கல்வெட்டில் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழைப் பாடும் பகுதி, "திருமகள் போல" என்று தொடங்கும். முடிகிற இடத்தில் "செழியரைத் தேசுகொள்" என்று வரும். செழியர் என்றால் நம் பாண்டியர், அவர்கள் ஒளியைப் பறித்தவன் என்று பெருமை பேசிக்கொள்கிறான். அதே கோயிலின் அம்மன் சன்னதி பிற்பாடு பாண்டியர் காலத்தில் எழும்பியது. இதைச் சொன்னதும் எங்கள் வேனில் ஒரே கைதட்டல்.

கைடு வைக்கலாமா? இல்லாவிட்டால் என்னத்தைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. (உசிலம்பட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, வைப்பதென்றால் வாசலிலேயே எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு ரூபாய் என்று பேசி முடித்துவிடுங்கள். ஆனால் நீங்கள் ஆசிரியர், நீங்களே சொல்லலாம். நான் செய்கிறதைச் சொல்கிறேன்.

முதலில் நந்தி. ஒரே கல், பெரிதுதான், ஆனால் ராஜராஜன் வைத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. அந்தக் கோயிலில் சோழர், பாண்டியர், நாயக்கர், மராட்டியர் என்று எல்லோர் கையும் பட்டிருக்கிறது. முருகன் சன்னதிச் சிற்பத்துக்கு அருகில் போனால் நாயக்கர் கால வேலைப்பாடு தெரியும்.

அப்புறம் நேரே விமானத்தின் பின்பக்கம் போய்விடுவோம். பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்று எல்லோரும் சொல்வார்கள் அல்லவா? கோயில் கிழக்கு பார்த்தது. எட்டரை மணிக்கு வெயில் கிழக்கே இருக்கும். மேற்கே வந்து நின்றால் விமானத்தின் நிழல் நம் காலடியில் நீளமாகக் கிடக்கும். பிள்ளைகள் அதன் ஓரத்தில் கால் வைத்துப் பார்ப்பார்கள். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதும் அப்படித்தான், பல கற்களைப் பொருத்திச் செய்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெருமை குறையவில்லை. சாந்து இல்லாமல் இத்தனை கல்லை அடுக்கி, ஆயிரம் வருடம் நிற்கவைத்திருக்கிறார்களே.

கடைசியாகக் கல்வெட்டு. இதற்குத்தான் அதிக நேரம். விமானத்தின் அடிப்பகுதியில் சுற்றிலும் எழுத்து. இந்தக் கோயிலுக்கு "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்", வேறு யார் யார் கொடுத்ததோ அதுவும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்று அரசன் சொல்கிறான். அக்கன் என்பது அவன் அக்கா குந்தவை. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், நானூறு பேருக்கு எந்தத் தெருவில் எந்த வீடு என்பதுகூட அந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது.

பிள்ளைகளிடம் "உங்களுக்குத் தெரிந்த எழுத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். க, ட, ப மூன்றும் சட்டென்று பிடிபடும். புள்ளி இருக்காது, அதைச் சொல்லிவிட வேண்டும். போன தடவை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் விரலை எழுத்தின் மேல் படாமல் ஓட்டிக்கொண்டே போய், "க... ட... இது ப" என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பக்கத்தில் அவன் ஆச்சி, பள்ளிக்கூடம் போகாதவர், "எனக்கும் காட்டுடா" என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டோம்.

கருவறையைச் சுற்றிய உள்திருச்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன, 1931-ல் வெளிச்சத்துக்கு வந்தவை. அதற்கு மேல் தளத்தில் 108 கரணங்களில் (நடன நிலைகளில்) 81 மட்டும் செதுக்கி, மிச்சம் வெறும் கல்லாகவே நிற்கிறது. இரண்டுக்கும் பொதுமக்களை விடுவதில்லை. கேட்டு ஏமாற வேண்டாம்.

செல்போன் உள்ளே விடுவார்களா? (அனுப்பானடி)

நம் மீனாட்சி கோயில் மாதிரி வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. முற்றத்தில் படம் எடுக்கலாம், சன்னதிக்குள் எடுக்கக் கூடாது.

அப்படியே கும்பகோணம், தாராசுரம், பிள்ளையார்பட்டி எல்லாம் சேர்த்துக்கொள்ளலாமா? (திருமங்கலம், கரிமேடு, இன்னும் பலர்)

வேண்டாம். இதில் நான் பிடிவாதம்தான். ஆறு இடம் போனோம் என்று வந்து சொல்கிறவர்களிடம் ஒரு இடத்தைப் பற்றிக் கேட்டால், பார்க்கிங் எங்கே இருந்தது என்றுதான் சொல்கிறார்கள். பதினொன்றுக்குக் கோயிலிலிருந்து கிளம்பி, சாப்பிட்டுவிட்டு, வெயில் நேரத்தில் அரண்மனையும் அங்குள்ள செப்புத் திருமேனிகளும் பாருங்கள். நிழலான இடம். இரண்டரைக்குத் திரும்பினால் வழியில் திருமயம் கோட்டை ஒன்று போதும், 1687-ல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது. ஐந்து மணிக்குள் ஏறி இறங்கிவிடலாம். ஏற முடியாதவர்கள் கீழே குடைவரைக் கோயிலில் இருக்கட்டும். எட்டு மணிக்கு வீடு.

எந்த மாதம் நல்லது? (பெருங்குடி)

மார்கழியிலிருந்து மாசி வரை. பங்குனி, சித்திரை கூடாது. மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கனி அலங்காரம் பார்க்க அத்தனை அழகு, ஆனால் குழுவாகப் போனால் ஆள் தவறிவிடும். ஐப்பசி சதயம் ராஜராஜன் பிறந்த நட்சத்திரம், அன்றும் கூட்டம்தான்.

பணம் வசூலிப்பதுதான் தலைவலி. கடைசி நேரத்தில் நாலு பேர் வரவில்லை என்றால்? (திருமங்கலம்)

வேன் 530, சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்துத் தலைக்கு 650 என்று வையுங்கள். 300 ரூபாய் முன்பணம் பத்து நாளுக்கு முன்பே. வராவிட்டால் திரும்பக் கிடையாது, பதிலுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கிடைக்கும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இறங்குமுன் வேனிலேயே வரவு செலவை நோட்டில் பார்த்து வாசித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் அங்கேயே பிரித்துக் கொடுங்கள். எங்கள் தெருவில் போன மாசியில் தலைக்கு 35 ரூபாய் திரும்பி வந்தது. அதை யாரும் வாங்கிக்கொள்ளாமல், அடுத்த தடவைக்கு வைத்துக்கொள் என்று என் கையிலேயே திணித்துவிட்டார்கள்.