தையல் அறுந்த லென்ஸைப் பசை தாங்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேஷனில் லென்ஸ் வைக்கிற பை கிழிந்துபோய், அப்புறம் இன்னொரு டாக்டர் லென்ஸைத் தைத்து வைத்தார். போன மாதம் குனிந்து கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தவர், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். தையல் அறுந்து லென்ஸ் சாய்ந்துவிட்டதாம், பசை போட்டு ஒட்டலாம் என்கிறார்கள். தையலே நிற்கவில்லை, பசை நிற்குமா?
- வாசகி, தென்காசி

பதில்: கோலத்தின் மேல் பழி போடாதீர்கள். இந்த லென்ஸைத் தைக்க வெகுகாலம் பயன்பட்டது 10-0 பாலிப்ரோப்பிலீன் நூல். அதன் தடிமன் 0.03 மில்லிமீட்டர்கூட வராது, தலைமுடியைவிட மெல்லியது. கண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடந்து மெல்ல நைந்து, ஒருநாள் அறுந்துவிடுகிறது. தைத்தவர் கை சரியில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இதனால்தான் பலர் தடித்த நூலுக்கு மாறினார்கள், சிலர் நூலையே விட்டுவிட்டார்கள்.

பசை என்ற பெயர்தான் உங்களைக் குழப்புகிறது. 2007-இல் சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் தொடங்கிய முறை இது. லென்ஸின் இரண்டு பக்கமும் மீசை மாதிரி கம்பி இருக்கும். ஒவ்வொரு பக்கமும் வெண்விழியில் மெல்லிய மடல் ஒன்றைச் சீவித் தூக்கி, கம்பி நுனியை வெளியே இழுத்து, வெண்விழியின் கனத்துக்குள்ளேயே ஊசியால் போட்ட சின்னச் சுரங்கத்தில், புடவைக் கொசுவத்தைச் செருகுகிற மாதிரி செருகிவிடுவார்கள். பசை அந்த மடலை மூடி ஒட்டத்தான், சில வாரத்தில் கரைந்தும் போய்விடும். லென்ஸைத் தாங்குவது செருகல். ஜப்பானிய மருத்துவர் யமானேயின் முறையில் மடலும் இல்லை, பசையும் இல்லை. கம்பி நுனியைச் சூடுகாட்டி உருண்டையாக்கி, உள்ளே நழுவாமல் செய்கிறார்கள்.

சரி, இவற்றில் சிக்கலே வராதா? வரும். கம்பிகளை வெளியே இழுக்கிற இரண்டு துளையும் நேர் எதிரெதிராக அமையாவிட்டால் லென்ஸ் சாயும். ஆபரேஷன் முடிந்ததும் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம், பெரும்பாலும் தானே வடியும். விழித்திரையின் நடுவில் நீர் கோத்துச் சில மாதம் பார்வை மங்கலாம். எனக்கு அதிகம் கவலை தருவது வேறு: கம்பி நுனியோ பழைய தையல் முடிச்சோ மேல் சவ்வை அரித்துக்கொண்டு வெளியே தெரிந்தால், அந்த வழியாகக் கிருமி உள்ளே போகும். இது வருஷங்கள் கழித்தும் நடக்கலாம், அதனால் பார்வை தெளிவாக இருக்கிறது என்று செக்கப்பை விட்டுவிடாதீர்கள்.

பழைய லென்ஸையே நிறுத்தப் போகிறார்களா, புதிதா, விழித்திரை டாக்டர் உடனிருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் முழுதாக உள்ளே விழுந்தால் அவர்தான் எடுக்க வேண்டும். நாள் குறித்திருந்தாலும் திடீரென வலி, சிவப்பு, மின்னல் வெட்டுவது போல வெளிச்சம், பக்கவாட்டில் திரை இறங்குவது போல இருட்டு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.