கடவுள் இருக்க முடியுமா? முதலில், எந்தக் கடவுள்?

"கடவுள் என்றால் என்ன, அப்படி ஒருவர் இருக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரையறையை முடிவு செய்யாமல் இரண்டாவது கேள்விக்குப் போகாதீர்கள். பெரும்பாலான விவாதங்கள் கெடுவது அங்கேதான்.

மயிலாப்பூர் கோலவிழி அம்மன் ஊர்க்காவல் தெய்வம். அங்கே கும்பிட வருபவர் எதிர்பார்ப்பது காவலை, உலகப் படைப்புக்கான விளக்கத்தை அல்ல. கபாலீசுவரரை வணங்கும் சைவ சித்தாந்திக்குக் கடவுள் 'பதி': உலகைத் தோற்றுவித்து, காத்து, ஒடுக்குபவர். ஆனால் உயிர்களும், அவற்றின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலமும் அவர் படைத்தவை அல்ல, அவையும் அநாதி, அதாவது தொடக்கமற்றவை. சாந்தோம் தேவாலயத்தில் வணங்கப்படுபவரோ இல்லாமையிலிருந்தே அனைத்தையும் படைத்தவர்.

'இருக்க முடியுமா' வேறு, 'இருக்கிறாரா' வேறு. மலடி மகன் இருக்கவே முடியாது, சொல்லிலேயே முரண். முயற்கொம்பு இல்லை, அவ்வளவுதான், இருந்தால் முரணில்லை. எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, முழு அன்பான படைப்பாளர் என்ற வரையறை, குழந்தைகளின் துன்பத்துக்கு முன்னால் மலடி மகன் பக்கம் சாய்கிறது என்றே நினைக்கிறேன். துன்பத்துக்கு வேரான மலம் அநாதி, கடவுள் படைத்ததல்ல என்பதால் சைவ சித்தாந்தத்துக்கு இந்த நெருக்கடி குறைவு. ஆனால் 'எல்லாம் வல்லவர்' என்பது அங்கே சுருங்கிவிடுகிறது.

கடவுளின் இருப்பை நிறுவ, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கொரு கர்த்தா உண்டு என்கிறது. குடத்துக்குக் குயவன் போல. சிக்கல் இதுதான்: குயவனுக்கு உடல் உண்டு, பெரிய வேலையைப் பலர் சேர்ந்தும் செய்யலாம். சென்னைக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த வைணவ ஆசாரியர் இராமானுசரே, உலகைக் கண்டு கர்த்தாவை ஊகிக்கும் இத்தகைய அனுமானத்தை மறுத்து, கடவுளுக்குச் சாத்திரம் மட்டுமே சான்று என்றார்.