நோகாத விரலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 57. ஊர் கொக்குவில். கனடாவில் இருக்கும் மகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்காகப் பழைய வொயில் சேலைகளுக்கு நடுவே பஞ்சு வைத்துக் கையாலேயே போர்வை தைக்கிறேன். நாளுக்கு நான்கு மணித்தியாலம் தைப்பதால், ஊசியைத் தள்ளும் வலது நடுவிரலின் நுனி புண்ணாகி எரிகிறது. துணிக்கு அடியில் பிடிக்கும் இடது சுட்டுவிரலும் முதலில் நொந்தது. இப்போது தோல் தடித்து, ஊசி பட்டாலும் நோ தெரியாததால் அதைப் பற்றிக் கவலையில்லை. விரல் நுனியைக் காக்கும் திம்பிள் தொப்பியைப் போட்டால் ஊசி பிடிபடுவதில்லை. ஒன்பது வருடமாகச் சலரோகத்துக்குக் குளிசை எடுக்கிறேன். வலது விரலுக்கு என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, வலது விரலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்குக் கவலை தந்தது, கவலையில்லை என்று நீங்கள் எழுதிய அந்த இடது சுட்டுவிரல்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊசி மூன்று அடுக்கையும் கடந்துவிட்டது என்பதை, அதன் முனை தோலில் படும்போதுதான் அடியிலுள்ள விரல் அறிகிறது. ஆகவே ஒவ்வொரு தையலுக்கும் அந்த விரல் ஒரு சிறு குத்தை வாங்குகிறது. பல நாள் குத்துப்பட்ட தோல் தடிப்பது இயல்பு. தடித்த தோலில் நோ குறைவதும் இயல்பு. சலரோகம் உள்ள ஒருவருக்கு இந்த நோக்குறைவு வேறு காரணங்களாலும் வரலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து விறைத்து, இரவில் கையை உதறினால் சுகமாக இருக்கிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று கொள்ளலாம். அது சலரோகம் உள்ளவர்களுக்கு அதிகமாக வருகிறது. சலரோகமே நரம்பைப் பாதித்திருந்தால் பெரும்பாலும் பாதங்களில்தான் முதலில் விறைப்பும் எரிவும் தொடங்கும். கண்களை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரைக் கொண்டு பஞ்சு நுனியால் இடது கை விரல்களையும் கால்விரல்களையும் மெல்லத் தொடச் சொல்லுங்கள். தடித்த இடத்தில் மட்டும் தெரியாவிட்டால் தோல்தான் காரணமாக இருக்கக்கூடும். மற்ற விரல்களிலோ பாதத்திலோ தெரியாவிட்டால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். இந்தச் சோதனை அவருடைய பரிசோதனைக்கு ஈடாகாது. தொடு உணர்வு சரியாகத் தெரிந்தாலும் விரலை அவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

நோ தெரியாத விரலில் புண் வந்தால் அது பிந்தித்தான் தெரியவரும் என்பதே என் பயம். விரல் நுனியின் சதை, நார்களால் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஊசி வழியே கிருமி உள்ளே போய்ச் சிதழ் (சீழ்) பிடித்தால், அது பரவ இடமில்லாமல் உள்ளேயே அழுத்தம் கூடி, கவனிக்காவிட்டால் எலும்பு வரை போகலாம். இரத்தத்தில் சீனி கட்டுப்பாட்டில் இல்லாதபோது உடல் கிருமியை எதிர்க்கும் வலுவும் குறைகிறது. எனவே நாள்தோறும் தையலை முடித்தபின் நல்ல வெளிச்சத்தில் அந்த விரலைப் பாருங்கள். தடித்த தோலைப் பிளேட்டால் சீவ வேண்டாம்.

அடியிலுள்ள விரலுக்கு ஒரு எளிய காவல், பழைய தேக்கரண்டி. அதன் குழிவான பக்கத்தைத் துணியின் அடியில் பிடித்தால், ஊசிமுனை தோலில் படாமல் உலோகத்தில் பட்டு மேல்நோக்கித் திரும்பும். கை பழகும் வரை தையல் சற்றுக் கோணலாகலாம். கரண்டி ஒத்துவராவிட்டால் விரலில் துணிப் பிளாஸ்ரரை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். தைத்து முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் வியர்வையில் ஊறிய தோல் இன்னும் எளிதில் கிழியும். விரலில் சுப்பர் குளூ பூசித் தோலைக் கடினமாக்கும் பழக்கம் தைப்பவர்கள் சிலரிடம் உண்டு. அந்தப் பசை பருத்தியில் பட்டால் சுடும் அளவுக்குச் சூடேறும். அதை நீங்கள் தொடவே வேண்டாம்.

இனி வலது விரல். புண் மூடும் வரை, நான்கைந்து நாளாவது தைக்காதீர்கள். சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, வசலின் பூசிச் சுத்தமான பிளாஸ்ரர் போட்டால் பெரும்பாலும் ஆறிவிடும், ஆறாவிட்டால் காட்டுங்கள். திம்பிள் பிடிபடாததற்குக் காரணம் அநேகமாக அளவு. கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் விழக்கூடாது. விரல் நுனி சிவக்கும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. வெயிலில் விரல் வீங்குவதால் பின்னேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். உலோகம் பிடிக்காவிட்டால் மெல்லிய தோலில் செய்தது இலகுவாகப் பழகும். எரிவோடு அரிப்பும் சிறு கொப்புளங்களும் இருந்தால், உலோகத்திலுள்ள நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போதும் தோல் திம்பிளே நல்லது. துணியில் சிக்கிய ஊசியை வெறும் விரலால் இழுக்காமல், பழைய சைக்கிள் ரியூப் துண்டால் பிடித்து இழுங்கள். சரிகைக் கரையை முன்பே வெட்டி நீக்கிவிட்டால் ஊசி இலகுவாக இறங்கும். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குங்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் மண்ணின் கிணற்று நீர் கடினமானது. அதில் சவர்க்காரம் போட்டுத் துவைப்பதாலும் தோல் வரளும். ஆகவே இரவில் இரு கைகளுக்கும் வசலின் பூசிக்கொண்டு படுங்கள்.

நகச்சுற்று என்றால் தேசிக்காயைத் துளைத்து விரலில் மாட்டுவது நம் ஊர் வழக்கம். வெடித்த தோலில் அந்தப் புளி எரிச்சலைக் கூட்டும், உள்ளே இருக்கும் சிதழை எடுக்காது. உங்களுக்கு அது வேண்டாம். ஏற்புவலி (ரெற்றனஸ்) தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் கடந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஊசிமுனை முறிந்து விரலுக்குள் நின்றுவிட்டால் தோண்டாதீர்கள். எக்ஸ்ரேயில் அது தெரியும். பிள்ளைக்கான போர்வை என்பதால், மீதித் துண்டையும் துணியில் தேடி எடுத்துவிடுங்கள். விரல் நுனி இறுகி வீங்கினாலோ, நித்திரையைக் கெடுக்கும்படி துடித்து நொந்தாலோ, விரலை நீட்ட முடியாமற் போனாலோ, கையில் செந்நிறக் கோடு மேலேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விடியும் வரை பொறுக்காமல் அன்றிரவே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எடுக்கும் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் கூடக் கொண்டு செல்லுங்கள்.